குழாய் பிளந்தது, 17 மணி நேரம் தெரியவில்லை

கச்சா எண்ணெயைத் தொலைதூரம் கொண்டு செல்ல லாரி, ரயிலைவிடக் குழாய்தான் மலிவு. ஆனால் குழாயில் ஊற்றிவிட்டால் எண்ணெய் தானாக ஓடிவிடாது. வழிநெடுகப் பம்பு நிலையங்கள் அமைத்து, அழுத்தம் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்து மணலில் கிடைக்கும் 'பிட்டுமென்' தார் போலக் கெட்டியானது. இலேசான பெட்ரோலியத் திரவங்களைக் கலந்து இளக்கினால்தான் அது குழாயில் நகரும்.

அப்படி இளக்கிய எண்ணெய்தான் 2010 ஜூலை 25ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிற்றூருக்கு அருகே குழாயைப் பிளந்துகொண்டு வெளியேறியது. 'என்பிரிட்ஜ்' நிறுவனம் நடத்திய அந்த 30 அங்குலக் குழாய் 1969இல் பதிக்கப்பட்டது. அதன் மேல் சுற்றியிருந்த பாதுகாப்பு நாடா கழன்று, ஈரம் புகுந்து, துருவும் விரிசலும் உண்டாகியிருந்தன. 2005இல் சோதனைக் கருவி அந்தப் பழுதைக் காட்டியும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. பிளவின் நீளம் ஆறு அடிக்கும் மேல்.

எட்மண்டனில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கைகள் வராமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் குழாயைத் திட்டமிட்டபடி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்தை நிறுத்தும்போது குழாய்க்குள் எண்ணெய் தொடர்ச்சி அறுந்து, இடையில் ஆவி நிரம்பிய இடைவெளி ஏற்படுவதுண்டு. அப்போதும் அழுத்தம் குறைந்தே தெரியும். இதுவும் அதுதான் என்று ஊழியர்கள் முடிவு செய்தார்கள். இடைவெளியை நிரப்புவதாக எண்ணி, மறுநாள் காலை இரண்டு முறை பம்புகளை முடுக்கினார்கள். கொட்டிய எண்ணெயில் 81 விழுக்காடு அந்த இரண்டு முறையில்தான் வெளியேறியது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் தெரிவித்தது.

இத்தனைக்கும், இடைவெளியைப் பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடியாவிட்டால் குழாயை நிறுத்திவிட வேண்டும் என்ற விதி நிறுவனத்திலேயே இருந்தது. 1991இல் நடந்த பெரிய கசிவுக்குப் பின் வகுத்த விதி அது. ஏட்டில் இருந்தது, அவ்வளவுதான்!

மார்ஷல் வாசிகள் அன்றிரவே நாற்றம் தாங்காமல் அவசர எண்ணை அழைத்தார்கள். தீயணைப்பு வீரர்களும் வந்தார்கள்; அவர்கள் தேடியதோ எரிவாயுக் கசிவை. கடைசியில் உள்ளூர் எரிவாயு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புதான் உண்மையைச் சொன்னது. அதற்குள் 17 மணி நேரம் கடந்திருந்தது.

30 லட்சம் லிட்டருக்கும் அதிகமான எண்ணெய் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் கலந்தது. இளக்கக் கலந்த திரவங்கள் ஆவியாகிக் காற்றில் பரவ, சுமார் 320 பேர் தலைவலி, குமட்டல் போன்ற உபாதைகளைத் தெரிவித்தார்கள். கெட்டிப் பகுதி வண்டலோடு சேர்ந்து ஆற்றின் அடியில் படிந்தது. மிதக்கும் எண்ணெயைத் தடுக்கும் வழக்கமான மிதவைகள் இதற்கு என்ன செய்யும்? ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு ஆற்றை மூடினார்கள். அதன் பெரும்பகுதி 2012இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. துப்புரவுச் செலவு 100 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அடியில் படிந்ததை எடுக்க 2014 வரை ஆற்றைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள்.