கரையில் ஒரு தேநீர்



புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை நீங்கள் அறிவீர்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகுக்காகக் காத்திருக்கும் இடம் அது. அங்குள்ள சிறு தேநீர்க்கடையில் நாகபூசணி அம்மன் அடியவரும், நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும், தவக்காலத்தில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் புறப்படும் நாமும் ஒரே வாங்கில் அமர்ந்து பாணும் பணிசும் உண்கிறோம். ‘வாங்கு’, ‘பாண்’ என்னும் இரு சொற்களும் போர்த்துக்கேயர் வழி வந்தவை.

யாருடனும் அமரக்கூடிய அந்த வாங்கில், சொந்தச் சகோதரனோடு அமர நம்மால் இயலுகிறதா?

1990களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டனர். இங்கே எஞ்சியிருப்பவை பூட்டிய வீடுகளும் பற்றை படர்ந்த காணிகளும். அக்காணிகளின் எல்லைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட உடன்பிறப்புகள் எத்தனை பேர்! திருவிழாவுக்கு ஒரே படகில் வந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரும்புகின்றனர்.

யோவான் நற்செய்தி இரண்டு கரித்தீக்களைக் காட்டுகிறது. முதலாவது தலைமைக் குருவின் முற்றத்தில் எரிந்தது (18:18). அங்கே குளிர்காய்ந்துகொண்டு நின்ற பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். இரண்டாவது திபேரியக் கடற்கரையில் எரிந்தது (21:9). அதை மூட்டியவர் உயிர்த்த ஆண்டவர். கரித்தீயைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது.

இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்தவர்களுக்கு மீனும் அப்பமும் ஆயத்தமாய் இருந்தன. அவர்கள் உண்டு முடிக்கும்வரை ஆண்டவர் காத்திருந்தார். அதன் பின்னரே பேதுருவிடம் பேசினார். அப்போதும், ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. தம்மை அன்பு செய்கின்றாயா என்றே மூன்று முறை கேட்டார்.

முதலில் உணவு, பிறகு உரையாடல். இதுவே ஆண்டவர் காட்டிய ஒழுங்கு. நாமோ கணக்குத் தீரட்டும், பிறகு சேர்ந்து உண்போம் என்று காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பிலேயே ஒருவர் மறைந்துவிடுகிறார். மற்றவர் இறுதிச் சடங்குக்கு வந்து அழுகிறார்.

அடுத்த முறை அந்த இறங்துறையில் அவரைக் கண்டால், காணியைப் பற்றிப் பேசவேண்டாம். கடைக்காரரிடம் இரண்டு தேநீர் கேளுங்கள். ஒன்றை அவர் கையில் கொடுங்கள். படகு வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது.