அப்பா வயலில் விழுந்தால் கடிகாரம் தகவல் சொல்லுமா?

'தண்ணீர் பாய்ச்ச அப்பா இரவில் தனியாகப் போகிறார். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. கீழே விழுந்தால் தகவல் சொல்லும் கடிகாரம் இருக்கிறதாமே, வாங்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பல வீடுகளில் இருக்கும் கவலை என்பதால் விரிவாகவே பார்ப்போம்.

இந்தக் கடிகாரங்களில் பல சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று, கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அசைகிறது, எவ்வளவு பலமாக மோதுகிறது என்று அளக்கிறது. கைரோஸ்கோப், கை திரும்புவதை அளக்கிறது. இன்னொன்று, தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. ஜி.பி.எஸ். இருக்கும் இடத்தைக் காட்டுகிறது.

ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நெற்பயிர் மஞ்சளானால் உடனே யூரியா போடச் சொல்வதில்லை. அடி இலையில் மஞ்சளா, குருத்து இலையில் மஞ்சளா, தண்ணீர் தேங்கியதா என்று பார்த்த பிறகுதான் தழைச்சத்துக் குறையா, இரும்புச்சத்துக் குறையா என்கிறோம். கடிகாரமும் அப்படித்தான். பலத்த அதிர்வு மட்டும் என்றால் மண்வெட்டி போட்டதாகவும் இருக்கலாம். அதிர்வு, கை சட்டென்று திரும்பியது, பிறகு அசைவே இல்லாதது எல்லாம் சேர்ந்தால்தான் ஆபத்து என்று கணிக்கிறது.

ஆப்பிள் நிறுவனம் 2018-ல் தன் கடிகாரத்தில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. பலமாக விழுந்தால் கடிகாரம் ஒலி எழுப்பும். சுமார் ஒரு நிமிடம் அசைவில்லை என்றால் அவசர உதவிக்குத் தானே அழைக்கும்.

கருவிக்கு இதைக் கற்றுத்தருவது, மனிதர்களிடம் பதிவு செய்த தகவல்கள். ஆராய்ச்சியாளர்கள் பலர் பயன்படுத்தும் ஒரு தகவல் தொகுப்பில் 30 பேர் இருக்கிறார்கள். வயது 19 முதல் 48 வரை. இடுப்பில் செல்போனைக் கட்டி, நொடிக்கு 50 முறை அசைவைப் பதிவு செய்தார்கள். நடப்பது, படி ஏறுவது, படி இறங்குவது, உட்காருவது, நிற்பது, படுப்பது என ஆறு செயல்கள் மட்டுமே. நாற்று நடுவதும் களையெடுப்பதும் அதில் இல்லை. 70 வயதுக்காரரும் இல்லை. கடிகார நிறுவனங்கள் தனியாகத் தகவல் திரட்டுகின்றன என்றாலும், நம் வயல் வேலை அதில் எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. கடின வேலை செய்பவருக்குத் தவறான எச்சரிக்கை வரலாம். வெயிலிலோ, மருந்து நெடியிலோ மயங்கி மெதுவாகச் சாய்ந்தால் கருவி கண்டுகொள்ளாமலும் போகலாம்.

வாங்குவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

* காலடி எண்ணும் பட்டைகள் எல்லாவற்றிலும் இந்த வசதி கிடையாது. கேட்டு வாங்குங்கள், வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள்.
* மோட்டார் கொட்டகையிலும் கடைசி மடையிலும் சிக்னல் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அழைப்பு போகாது.
* தவறான எச்சரிக்கையை நிறுத்த அப்பாவுக்குப் பழக்கிவிடுங்கள்.

கடிகாரம் இருந்தாலும் மோட்டார் போட்டதும் ஒரு போன், நிறுத்தியதும் ஒரு போன் என்று வழக்கப்படுத்துங்கள். சொன்ன நேரத்தில் போன் வரவில்லை என்றால் பக்கத்து வயல்காரரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்து அடிக்க மட்டும் யாரும் தனியாகப் போக வேண்டாம். ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.