பழைய சேலையை வெட்டுமுன் வெளிச்சத்தில் பாருங்க!



“பழைய துணிக்குப் பாத்திரம்” என்று தெருவில் குரல் கேட்டால், நாலு சேலையைத் தூக்கிக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை வாங்கிவிடுகிறோம். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். நாலு சேலைக்கு 22 மீட்டர்! பாதி நைந்திருந்தாலும் 11 மீட்டர் நல்ல துணி மிஞ்சும். கடையில் அது என்ன விலை? நீங்களே கணக்குப் பாருங்க.

“பழசுல தைச்சா நிக்காது” என்பார்கள். நைந்த இடத்தையும் சேர்த்து வெட்டினால் நிற்காதுதான். நல்ல இடமாகப் பார்த்து எடுத்தால் பிள்ளைகளுக்கு அருமையாக உழைக்கும்.

நல்ல இடம் எது?

முதலில் துணியைத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். சந்தையில் வாங்கிய பழைய துணி என்றால் வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கவும். பிறகு கொடியில் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரித் தெரியும். உட்காரும் இடம், தரையில் உரசும் கீழ்க்கரை, ஊக்கு குத்தும் தோள்பகுதி ஆகியவைதான் முதலில் நையும். கொசுவத்தின் நடுப்பகுதியும் முந்தியும் பெரும்பாலும் திடமாக இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு கைகளாலும் பிடித்து இழுங்க. ‘சர்’ரென்று கிழிந்தால் அது கரித்துணிக்குத்தான் ஆகும். நல்ல இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

பருத்தியா, பாலியெஸ்டரா?

ஓரத்தில் நாலு நூலை உருவி, வெளியே ஒரு தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக உருளும். அடுப்புத் தீயோ மத்தாப்போ பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, வியர்வையையும் உறிஞ்சும். அதனால் குழந்தைகளுக்குப் பருத்தியே தையுங்கள்.

பாவாடை தைக்கும் முறை

இடுப்பு 20 அங்குலம், உயரம் 22 அங்குலம் உள்ள பாவாடைக்கு:

1. அகலம் இடுப்பைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது 50 அங்குலம். மூட்டுவதற்கு 1 அங்குலம் கூட்டி 51 வெட்டவும்.

2. நீளம் 22. எலாஸ்டிக் மடிப்புக்கு 1½, டக் பிடிக்க 3. மொத்தம் 26½ அங்குலம். சேலையின் மேல்கரை பாவாடையின் அடியில் வரட்டும். கரை இருப்பதால் அடிமடிப்பு தைக்க வேண்டாம்.

3. நல்ல பக்கம் வெளியே தெரிய ஓரத்தை ஒட்டி ஒரு தையல் போடவும். திருப்பி, உள்பக்கம் இன்னொரு தையல். பிசிறு உள்ளே அடங்கிவிடும்.

4. மேலே அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம் மடித்துத் தைக்கவும். ஓர் அங்குலம் திறந்து விட்டு, 18 அங்குல எலாஸ்டிக்கை ஊக்கால் கோர்த்து, முனைகளைச் சேர்த்துத் தைத்து மூடவும்.

5. கரைக்கு மேலே சுற்றிலும் 1½ அங்குலம் மடித்து நீளத் தையலாக டக் பிடிக்கவும். பிள்ளை வளர்ந்ததும் பிரித்தால் 3 அங்குலம் நீளம் கூடும்!

பழைய துணிக்கு மெல்லிய ஊசி நல்லது. மெஷினில் 11ஆம் எண் ஊசி போடலாம். மெஷின் இல்லையா? கையால் பின் தையல் போடுங்க. ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுத்தால் கெட்டியாக நிற்கும்.

மிச்சத்தில் பை

திடமான பாலியெஸ்டர் துண்டுகளையும் பழைய பேண்ட் கால்களையும் பையாகத் தைக்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகவும் குறுக்கேயும் தைத்தால் அரிசி, காய்கறி தாங்கும்.

கூலியை மறக்காதீங்க!

அக்கம்பக்கத்தார் சேலை கொடுத்துத் தைத்துத் தரக் கேட்டால் நோட்டில் கணக்கு எழுதுங்கள். எலாஸ்டிக், நூல் 20 ரூபாய், வேலை 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் போட்டால் மொத்தம் 120 ரூபாய். “சும்மா இருந்த நேரம்தானே” என்று 20 ரூபாய் மட்டும் வாங்கினால் நம் உழைப்புக்கு ஒன்றுமே இல்லை!

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய சேலை கொண்டு வாங்க. அன்றைக்கு வெட்ட வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து, நல்ல இடத்தைக் குறிக்கப் பழகுவோம். தையல் தெரிந்த உறுப்பினர் மற்றவர்களுக்குச் சொல்லித் தரட்டும்.