வெயிலும் கூரையும்

நுழையும்முன்

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓரிடம் என்பதே வீட்டின் முதற்பயன். அவ்வீடே பகல் வெயிலைச் சேமித்து வைத்து இரவில் உமிழுமானால்? மழைநீர் இறங்கிவரும் வழியிலேயே அது எழுந்திருக்குமானால்? குறைந்த வருவாய் உடையோருக்காக நகரங்களில் கட்டப்படும் குடியிருப்புகளைப் பற்றி இவ்வினாக்களை எழுப்பி விடை தேடுபவர் காலநிலைப் பகுப்பாய்வாளர். அவருடைய பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு மலை, இரண்டு வெயில்

திருவண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் ஏறத்தாழ 14 கி.மீ. பாதையில், மலையின் மேற்புறத்தில் அமைந்துள்ளது அடி அண்ணாமலை. பெரிய கோயிலும் பழைய நகரமும் மலைக்குக் கிழக்கே உள்ளன. இந்த வேறுபாட்டினாலேயே இரண்டிடத்து வெயிலும் வேறாகிவிடுகிறது. நகரத் தெருக்களில் மாலை வெயிலை மலை முன்னதாகவே மறைத்துவிடும். அடி அண்ணாமலையிலோ கதிரவன் மலைக்குப் பின்னிருந்து எழுகிறான். காலை நிழல் சற்று நீடிக்கும். பிற்பகல் வெயிலைத் தடுக்க மேற்கே மலை இல்லை. மேற்குச் சுவரில் விழும் வெயில் அந்தி வரை நீங்காது. ஒரே வரைபடத்தைக் கொண்டு மலையின் இருபுறமும் வீடு கட்டினால், ஒன்றில் மாலையில் உள்ளே அமரலாம். மற்றொன்றில் இரவு வெகுநேரம் வரை வெளியில்தான் அமர வேண்டும்.

அரசுத் திட்ட வீடுகள் பெரும்பாலும் ஒரே வரைபடத்தைக் கொண்டு கட்டப்படுகின்றன. செலவைக் குறைக்க அது தேவையானதே. அந்த வரைபடம் குறிப்பிட்ட மனைக்கு வரும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தச் சன்னலுக்கு மேல் வெயில்மறைப்பு நீள வேண்டும், கூரைக்கு என்ன பூச வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டுச் சொல்வதே பகுப்பாய்வாளரின் வேலை. ஓராண்டின் 8760 மணி நேரத்துக்குமான வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை, கதிர்வீச்சு ஆகிய தரவுகளைக் கணினியில் இட்டு, இன்னும் கட்டப்படாத வீட்டின் உள்ளே வைகாசி மாதத்து நள்ளிரவில் எவ்வளவு வெப்பம் இருக்கும் என்பதை அவரால் முன்கூட்டியே கூற முடியும்.

நிழல் இல்லாத நண்பகல்

இக்கணக்கின் வேர் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் அரண்மனை எழுப்பும் காட்சி ஒன்று வருகிறது. கட்டடக்கலை வல்லார் இரு கோல்களை நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலைக் கண்டு, கயிறிட்டுத் திசைகளை வகுக்கின்றனர். தென்றலை உள்ளே கொணரும் சாளரத்தையுடைய வேனிற்காலப் பள்ளியறையையும் அந்நூல் குறிப்பிடுகிறது. வாடைக்காலமாகையால் அச்சாளரம் அங்கே அடைத்துக் கிடக்கிறது. பருவத்திற்கேற்பத் திறப்பதும் அடைப்பதும் கட்டடத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டன.

திருவண்ணாமலை வடக்கு அட்சரேகை 12 பாகையை ஒட்டி உள்ளது. ஆதலால் ஏப்ரல் நான்காம் வாரத்தில், சித்திரை பத்தாம் நாளையொட்டி, கதிரவன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறான். நட்ட கோலுக்கு அன்று நண்பகலில் நிழல் இராது. அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், நண்பகல் கதிரவன் வடக்கே சாய்ந்து நிற்கிறான். வடக்குச் சுவரில் வெயில் விழுகிறது. தில்லியில் நண்பகல் கதிரவன் ஒருநாளும் வடக்கே போவதில்லை. அந்நகரத்தை நினைந்து எழுதப்பட்ட கையேட்டைப் பார்த்து, வடக்குச் சன்னலுக்கு மறைப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டால், திருவண்ணாமலையில் கோடை முழுவதும் வெயில் அறைக்குள் வரும். இவ்வாறு வரைபடத்தில் ஒரு கோடு விடுபட்டதன் விளைவை அவ்வீட்டில் குடியிருப்போர் ஆண்டுதோறும் நான்கு மாதங்கள் ஏற்க நேர்கிறது.

மொட்டை மாடிக்குக் கீழே

உச்சி வெயில் நிலத்தில் கூரை தாங்கும் வெப்பமே மிகுதி. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, மேலே தட்டோடு பதித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கட்டடங்களில் பரவலாக இருந்தது. கனமான அத்தளத்தின் வழியே வெப்பம் மெல்லவே இறங்கும். இன்றைய காங்கிரீட் தளம் மெல்லியது, உறுதியானது, விரைவில் முடிவது. ஆனால் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, மாலை முதல் நள்ளிரவு வரை அதைக் கீழேயுள்ள அறைக்குள் இறக்குகிறது. மேல்மாடியில் குடியிருப்போர் மின்விசிறியைச் சுழற்றும்போது வெந்த காற்றே கீழே வருவதன் காரணம் இதுதான்.

குடியிருப்புகளுக்கென 2018இல் நடுவண் அரசு வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு ஓர் உச்ச வரம்பை வகுத்துள்ளது. மேற்காப்பு ஏதுமற்ற காங்கிரீட் தளம் அவ்வரம்பைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடக்கூடியது. குளிரூட்டி வாங்க இயலாத குடும்பம் அவ்வெப்பத்தை உடலால்தான் தாங்க வேண்டும்.

மலிவான தீர்வு வெண்மை. பழுப்பேறிய காங்கிரீட் தளம் தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். புதிய வெண்பூச்சோ முக்கால் பங்களவு திருப்பி அனுப்பிவிடும். 2010ஆம் ஆண்டு மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1344 பேர் கூடுதலாக இறந்தனர். அதன் விளைவாக 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. பின்னர் ஏழையர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணி அங்கே பரவியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக்கொள்கையே வெளியிட்டது. ஆயினும் வெண்பூச்சு நிலையானதன்று. தூசு படிய அதன் பயன் குறையும். சித்திரைக்கு முன் மீண்டும் பூச வேண்டும். முதல் பூச்சுக்குத் திட்டத்தில் பணம் இருக்கும். ஐந்தாம் ஆண்டுப் பூச்சுக்கு யார் பணம் தருவார் என்று ஆய்வறிக்கையில் எழுதாத பகுப்பாய்வாளர் பாதி வேலையைத்தான் செய்தவராவார்.

தெரிந்து தெளிவோம்

சமவெளியில் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் இந்திய வானிலை ஆய்வுத்துறை அதனை வெப்ப அலையாகக் கொள்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும் ஆணையிட்டது.

ஆறில் ஒரு பங்கு

வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்களவு காற்று வரும் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது மேற்கூறிய விதித்தொகுப்பு. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2015இல் தொடங்கியபோது அதில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் பரப்பு 30 சதுர மீட்டர் வரை இருந்தது. 30 சதுர மீட்டர் வீட்டுக்கு 5 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். வரைபடத்தில் இதைக் காட்டிவிடலாம். திறந்திருக்குமா என்பதே கேள்வி. கொசு, திருட்டு அச்சம், நடைபாதையில் செல்வோரின் பார்வை, எதிர்வீட்டுச் சமையற்புகை என மூடிவைப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. வெப்பமானியை மாட்டிவிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், வீட்டுப் பெண்களோடு அமர்ந்து பேசுவதும் இப்பணியில் அடங்கும். வலை அடித்த சன்னல், மேற்புறம் மட்டும் திறக்கும் கதவு போன்ற சிறிய மாற்றங்கள் அத்தகைய பேச்சிலிருந்தே பிறக்கின்றன.

குஜராத்தின் இராஜ்கோட்டில் 1176 வீடுகள் கொண்ட ‘ஸ்மார்ட் கர்’ குடியிருப்பு இந்திய-சுவிஸ் கூட்டுத்திட்டத்தின் வழிகாட்டுதலில் வடிவமைக்கப்பட்டது. வெப்பம் எளிதில் கடவாத இலகு கற்களாலான சுவர், நிழல் தரும் சன்னல் அமைப்பு, காற்றை மேலிழுக்கும் புழை ஆகியவற்றால் கோடையின் உச்ச வெப்பம் அறைக்குள் 5 டிகிரிக்கு மேல் குறையும் எனக் கணிக்கப்பட்டது. இம்முடிவுகள் அனைத்தும் வரைபட நிலையிலேயே எடுக்கப்பட்டவை. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1152 வீடுகள் கொண்ட குடியிருப்பு 2022 மே மாதம் திறக்கப்பட்டது. அது முன்வார்ப்புக் காங்கிரீட் முறையில் கட்டப்பட்டது. இம்முறையில் சுவரும் தளமும் முன்னரே வார்க்கப்பட்டுக் களத்தில் பொருத்தப்படுகின்றன. அச்சு செய்யும் முன் சன்னலின் இடத்தை முடிவு செய்யாவிட்டால், பின்னர் உளி கொண்டு திருத்த முடியாது. பகுப்பாய்வாளரை எந்நாளில் அழைக்கிறார்கள் என்பது அதனால்தான் முக்கியமாகிறது. பல இடங்களில் அடித்தளம் போட்ட பிறகே அவரை அழைக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

சரிவில் ஒரு தெரு

வெப்பத்தைக் கூரையிலும் சன்னலிலும் ஓரளவு சரிசெய்யலாம். தவறான மனையை எந்தக் கூரையும் சரிசெய்யாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையொட்டி மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஐந்து சிறார் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர்.

அத்தகைய சரிவுகளில் மக்கள் அறியாமையால் குடியேறுவதில்லை. கோயிலை அண்டிய வேலை, பூ விற்பனை, சிறு கடை, ஆட்டோ என நாள்தோறும் வருவாய் தரும் தொழில்கள் நகரத்தின் நடுவில் உள்ளன, அங்கே வாடகை அவர்களுக்கு எட்டுவதில்லை, சரிவில் எட்டுகிறது. ஆகவே ‘இங்கே வாழக்கூடாது’ என்று வரைபடத்தில் சிவப்பு வண்ணம் தீட்டுவதோடு பகுப்பாய்வு முடியாது. மாற்றுக் குடியிருப்பு எத்தனை கி.மீ. தொலைவில், அங்கிருந்து முதற்பேருந்து எத்தனை மணிக்கு, அம்மனை ஏரியின் உள்வாயா, ஓடையின் கரையா என்பவற்றையும் அவர் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளை 2015 டிசம்பர் வெள்ளம் சூழ்ந்தது. நிலம் மலிவாகக் கிடைத்த இடங்கள் பல, நீர் தனக்கெனக் கொண்டிருந்த இடங்களாகவே இருந்தன.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியானது. நகரம் வளரும்போது மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிய வீடுகள் எழும். கட்டடக்கலை, கட்டடப் பொறியியல், புவியியல், இயற்பியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயின்று, தரவுகளைக் கையாளவும் கற்றவர்கள் இப்பணிக்கு வரலாம். தொடக்கப் பயிற்சிக்குக் கருவிகள் மிகுதியாக வேண்டா. சித்திரை பத்தாம் நாளில் முற்றத்தில் ஒரு கோலை நட்டு நண்பகல் நிழலைப் பார்க்கலாம். அன்றிரவு பத்து மணிக்கு மேல்மாடி அறையிலும் கீழ்வீட்டு அறையிலும் வெப்பமானியை வைத்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளலாம்.