அடைமழையும் மொய் நோட்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பருவம் அதற்கு முன்னால் வரும் ஐப்பசியும் கார்த்திகையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் இங்குள்ள கண்மாய்களையும் குளங்களையும் நிரப்புகிறது. வங்கக் கடலில் எழும் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான் இந்தப் பக்கம் கரையேறுகின்றன.

திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14 அன்று உருவான இந்த மாவட்டத்தின் கடற்கரை, கட்டுமாவடியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியாக மீமிசல் பக்கம் வரை சுமார் 40 கிலோமீட்டர் நீள்கிறது. மற்றதெல்லாம் உள்நாடு. ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் வட்டாரங்களில் தென்னையும் வாழையும் பலாவும் பூந்தோட்டங்களும். மேற்கே விராலிமலை, பொன்னமராவதி பக்கம் மானாவாரி நிலங்கள். புயல் எச்சரிக்கை என்றால் அது கடலோரத்துக்கு உரியது என்றே உள்நாட்டு ஊர்கள் நீண்ட காலம் எண்ணியிருந்தன. மீனவர் கடலுக்குப் போகக் கூடாது, கரையோரக் குடிசைகளில் இருப்பவர் முகாமுக்கு வர வேண்டும் என்பதோடு எச்சரிக்கை முடிந்துவிடும் என்ற எண்ணம் அது.

அந்த எண்ணத்தை உடைத்தது கஜா. 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல், தரையைத் தொட்டதும் அடங்கிவிடவில்லை. மேற்கு நோக்கி நகர்ந்து திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களை ஊடறுத்து, கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. கரையேறும் முன்பே மாநிலம் முழுவதும் 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டு சென்றிருந்தார்கள். உயிரிழப்பு பெருகாமல் தடுத்தது அந்த முன்னேற்பாடுதான். ஆனால் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து உள்நாட்டு ஊர்கள் அந்த இரவை வழக்கம்போல் உறங்கப் போயிருந்தன. விடியும்போது தோப்புகள் படுத்துக் கிடந்தன.

இந்த அனுபவத்திலிருந்து பார்த்தால்தான் மழைக்காலப் பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றின் காரணமும் விளங்கும். கடலோரம், உள்நாடு என்ற பிரிவினை இல்லாமல் எல்லோரும் எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது முதல் விதி. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்வது கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் எவ்வளவு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். காற்றைப் பொறுத்தவரை மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். அந்த வேகத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் தகரக் கூரையும் பிய்ந்து பறந்து வரும். புயல் நேரத்தில் வெளியே நிற்பவரைக் கொல்வது பெரும்பாலும் இப்படிப் பறந்து வரும் பொருளும் சாயும் மரமும் இடியும் மண்சுவரும்தான். ஆகவே கீற்றுக் கொட்டகையிலும் ஓட்டு வீட்டிலும் இருப்பவர்கள் காற்று தொடங்கும் முன்பே, பகலிலேயே, பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக் கூடம் போன்ற காங்கிரீட் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். காற்று தொடங்கிய பின் வெளியே ஓடுவது இருந்த இடத்தில் இருப்பதைவிட ஆபத்து.

பலர் அறியாத ஆபத்து ஒன்று புயலின் நடுவில் இருக்கிறது. புயலின் கண் ஓர் ஊரின் மேல் வரும்போது காற்று சட்டென்று நின்று, மழையும் ஓய்ந்து, எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். மாட்டைப் பார்க்கவும் கூரையைச் சரிசெய்யவும் வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் இரண்டாவது காற்றில்தான் முழுதாக விழும். புயல் கடந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

புயல் ஓய்ந்த பிறகு பெரிய எமன் மின்சாரம். கஜாவில் மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அறுந்து தண்ணீரில் கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டரின் மின்சாரம் தவறான இணைப்பால் தெருக்கம்பிக்கும் வந்து, கம்பம் ஏறும் ஊழியரைக் கொல்லும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்த பிறகே ஜெனரேட்டரை இணைக்க வேண்டும். அதை வீட்டுக்குள் அல்லது மூடிய திண்ணையில் வைத்து ஓட்டினால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இடி மின்னல் நேரத்தில் மரத்தடியிலும் கண்மாய்க் கரையிலும் நிற்காமல் இருப்பது, நிரம்பிய கண்மாயின் கலிங்கில் குளிக்க இறங்காமல் இருப்பது, சாலைக்கு மேல் ஓடும் தண்ணீரில் இருசக்கர வண்டியை இறக்காமல் இருப்பது ஆகியவை எல்லோரும் கேட்டவைதான். என்றாலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உயிர்கள் போவது இவற்றில்தான்.

விவசாயிக்கு வேறு சில வேலைகள் உண்டு. முற்றிய தேங்காய்களையும் அடிமட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் தென்னையின் தலைப்பாரம் குறைந்து காற்றைத் தாங்கும். தார் விட்ட வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்க வேண்டும். தென்னைக்குக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை தென்னை வளர்ச்சி வாரியமும் மாநில அரசும் ஏற்க, விவசாயி கட்ட வேண்டியது மரத்துக்குச் சில ரூபாய்தான்.

கஜாவுக்குப் பிந்திய வாரங்களை இந்த மாவட்டம் இருட்டில் கழித்தது. மின்சாரம் இல்லாததால் ஆழ்துளைக் கிணறுகள் நின்றன. ஆழ்துளைக் கிணறு நின்றால் மேல்நிலைத் தொட்டி காலி, குடிதண்ணீர் இல்லை. ஊர்க்காரர்கள் பணம் சேர்த்து வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார்கள். கோபமும் பெருகியது. உதவி வரவில்லை என்று பல ஊர்களில் சாலை மறியல் நடந்தது. கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் தீக்கிரையாயின. நவம்பர் 19 அன்று அரசு அறிவித்த நிவாரணத்தில் விழுந்த தென்னை ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாய், மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாய். நட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு தலைமுறை தலைமுறையாகக் காய்க்கும் மரத்துக்கு இந்த 1,100 ரூபாய் போதாது என்று விவசாயிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. இடைவெளியை நிரப்பியது மக்களின் கொடைதான்.

அந்தக் கொடை பல திசைகளிலிருந்து வந்தது. அதே 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாகப் பொருள்கள் போயின. மூன்று மாதத்தில் நிலைமை தலைகீழானது. கேரள அரசு நிவாரணப் பொருள்களை அனுப்பியதோடு 10 கோடி ரூபாயும் வழங்கியது. அங்கிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் இங்கே கம்பம் நட்டார்கள். ஆலங்குடி வட்டாரத்தில் வம்பன் பகுதி டீக்கடைக்காரர் ஒருவர், தோப்பை இழந்த விவசாயிகளும் கூலி வேலை இழந்தவர்களும் தர வேண்டிய கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகக் கடையில் எழுதி வைத்தார். கோடிகளைவிட இந்த அறிவிப்பு சிறியதல்ல. கொடுத்தவருக்கும் அந்தப் பாக்கிதான் முதல்.

கொடுப்பதிலும் விதிகள் வேண்டும் என்பதை அந்த வாரங்கள் காட்டின. வெளியூரிலிருந்து வந்த வண்டிகள் பிரதான சாலையோரத்திலேயே நின்று பொருள்களை இறக்கின. முதலில் ஓடி வந்தவருக்குக் கிடைத்தது, உள்ளடங்கிய குடியிருப்புகளுக்குப் போய்ச் சேரவில்லை. உடுத்த முடியாத பழந்துணி குவிந்த இடங்களும் உண்டு. தேவைப்பட்டவை தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிதண்ணீர், அரிசி, பெண்களுக்கான நாப்கின், பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், மரம் அறுக்கும் இயந்திரம். புறப்படும் முன் ஊராட்சியிலோ உள்ளூர் இளைஞர்களிடமோ என்ன வேண்டும், எந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை என்று கேட்டுக்கொண்டு போவதுதான் சரியான கொடை. பொருளாகத் தர முடியாதவர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குப் பணமாக அனுப்பலாம். அதற்கு வருமான வரிச் சலுகையும் உண்டு.

இந்த வட்டாரத்துக்குக் கணக்கு வைத்துக் கொடுப்பது புதிதல்ல. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, மாங்காடு, அணவயல், நெடுவாசல் ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி பக்கமும் ஆடி, ஆவணி மாதங்கள் மொய் விருந்துக் காலம். கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே வைக்கும் விருந்து இது. பத்திரிகை அடித்து, பிளக்ஸ் வைத்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார்கள். தனியாக வைத்தால் செலவு தாங்காது என்பதால் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி எழுத்தர், தனி மொய் நோட்டு. பணம் எண்ணும் இயந்திரங்கள்கூட வந்துவிட்டன. ஒருவர் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒரு முறை விருந்து வைப்பார். அப்போது வாங்கியதை, கொடுத்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கு மேல் கூட்டிச் செய்வது புதுக் கணக்காக ஏறும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்த நோட்டில் இருக்கும் பெயரும் ஊரும்தான் உத்தரவாதம். அப்படிச் சேர்ந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், கடை தொடங்கியவர்கள் ஏராளம்.

கஜா இந்த ஏற்பாட்டின் அடிமடியில் கைவைத்தது. திருப்பிச் செய்ய வேண்டிய பணம் தென்னையிலும் வாழையிலும் இருந்தது, அவை விழுந்துவிட்டன. 2019 ஆடியில் வசூல் குறைந்துவிட்டதாக விருந்து வைத்தவர்களே சொன்னார்கள். ஆனாலும் வழக்கம் அறுந்துவிடவில்லை. அதே ஆண்டு வடகாட்டில் ஒரு விவசாயிக்கு ஒரே விருந்தில் சுமார் 4 கோடி ரூபாய் மொய் சேர்ந்தது நாடு முழுவதும் செய்தியானது. வங்கியோ அரசோ கொடுக்க முடியாத வேகத்தில் ஒரு வட்டாரம் தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கொண்டதில் மொய் நோட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது, இம்மாவட்டத்து டீக்கடை ஒன்றில் அந்த மக்களுக்காகவே மொய் விருந்து நடந்தது. டீ குடித்தவர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள். திரும்பி வராது என்று தெரிந்தே செய்த மொய் அது.

இந்த ஏற்பாட்டின் குறையையும் சொல்லியாக வேண்டும். மொய் வாங்க வேண்டுமானால் முன்பே மொய் செய்திருக்க வேண்டும். தோப்பில் காய் பறிக்கும், மட்டை முடையும், பூ எடுக்கும் நிலமற்ற குடும்பங்களில் பலவற்றின் பெயர் எந்த நோட்டிலும் பெரிதாக இருப்பதில்லை. மரம் விழுந்தால் மரத்துக்காரருக்கு இழப்பீடு உண்டு. அந்த மரத்தை நம்பிக் கூலி வாங்கியவருக்கு இழந்த வேலைக்குக் கணக்குப் பட்டியல் இல்லை. முதலில் பறக்கும் கூரையும் அவர்களுடையதுதான். மழைக்காலப் பாதுகாப்பும் ஊர்க்கொடையும் அந்தத் தெருக்களிலிருந்து தொடங்கினால்தான் முறையாக இருக்கும்.

மொய் விருந்து ஆவணியில் முடிகிறது. மழை ஐப்பசியில் தொடங்குகிறது. இடையில் இருக்கும் புரட்டாசி மாதம் ஆயத்தத்துக்குப் போதுமான காலம். விருந்து நடத்தும் குழுக்கள் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு சிறு தொகையை ஊர்ப் பொதுவில் ஒதுக்கி, தார்ப்பாய்களும் ஒரு ஜெனரேட்டரும் மரம் அறுக்கும் இயந்திரமும் வாங்கி ஊராட்சிக் கட்டடத்தில் வைக்க வேண்டும். குடிசைத் தெருக்களில் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளின் பட்டியலை எடுத்து, யாரை யார் முகாமுக்கு அழைத்துவருவது என்று எழுதி வைக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மின்தடைக்கும் அறுந்த கம்பிக்கும் மின்னகம் 94987 94987. இந்த மூன்றையும் வாசகர்கள் இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளட்டும். கைபேசி இல்லாத பக்கத்து வீட்டுச் சுவரிலும் எழுதிக் கொடுக்கட்டும்.