ஆறு மணி நேரம் வழி மறைந்த தளங்கள்

நண்பர்கள் படங்களையும் செய்திகளையும் பரிமாறிக்கொள்ளும் இடமே சமூக ஊடகம் என்ற பழைய விளக்கம் இன்று போதாது. கடைவீதியும் அஞ்சல் நிலையமும் ஊர்த்திண்ணையும் ஒன்றாகச் சேர்ந்த கட்டமைப்பாக அது வளர்ந்துவிட்டது என்பதை, 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியபோது தெளிவாகக் காண முடிந்தது.

மூன்றையும் நடத்தும் நிறுவனம் ஒன்றே. பல்லாயிரம் கணினிகள் இயங்கும் கட்டடங்களான அதன் தரவு மையங்களை ஒளியிழை வடங்கள் ஒன்றோடொன்று இணைக்கின்றன. இவ்விணைப்புக்கு முதுகெலும்பு வலையமைப்பு என்று பெயர். வழக்கமான பராமரிப்பின்போது, அதன் கொள்ளளவை அறிவதற்காக இடப்பட்ட ஒரு கட்டளை எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுத்து நிறுத்த வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை இருந்ததால் அது தடையின்றி நிறைவேறியது. தளத்தின் பெயரைக் கேட்டு அதற்குரிய எண் முகவரியைத் தரும் டிஎன்எஸ் கணினிகள், தரவு மையங்களோடு தொடர்பு அற்றால் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தன. எனவே, வலையமைப்புகள் தம்மை அடையும் வழியை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் பிஜிபி முறையில் அவை தந்துவந்த அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. கணினிகள் பழுதின்றி இருந்தும் அவற்றை அடையும் வழி உலகுக்குத் தெரியாமற்போயிற்று. நிறுவனத்தின் உள்கருவிகள் பலவும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தமையால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் சென்று, கடுமையான பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கடந்த பின்னரே பழுதுபார்க்க முடிந்தது.

இந்தியாவில் அப்போது இரவு 9 மணி கடந்திருந்தது. வீட்டு வேலை முடிந்து கைபேசியைக் கையில் எடுக்கும் அந்த வேளை, சிறு வணிகத்துக்கு முக்கியமான வேளை. சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் உற்பத்தியாகும் சேலைகளின் விற்பனையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்: சேலையை விரித்து, உடல், பார்டர், முந்தானை, ரவிக்கைத் துணி எனத் தனித்தனியே படமெடுத்து விற்பனையாளர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இடுகிறார்கள்; ரீசெல்லர் என்று அழைக்கப்படும் பெண்கள் பலர் அப்படங்களைத் தம் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் அனுப்பி, ஆர்டர் உறுதியான பின்னரே சரக்கு எடுப்பதால், கடை வாடகையும் தேங்கிய சரக்கின் சுமையும் இன்றி வருமானம் ஈட்ட முடிகிறது. முதலீடு இல்லாதவருக்கு இவ்வளவு எளிதாகச் சந்தை திறந்தது பெரும் நன்மையே. எனினும் வாடிக்கையாளரின் பெயர், பேசிய விலை, அனுப்ப வேண்டிய முகவரி ஆகிய யாவும் ஒரே செயலியின் உரையாடல்களில் மட்டும் இருப்பது உண்மையிலேயே கவலைக்குரியது. கணக்கு நோட்டில் ஒரு படி எழுதி வைத்திருப்பவருக்கே அத்தகைய இரவில் தொலைபேசியில் அழைத்து வியாபாரத்தைத் தொடர முடியும். ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டே பிற தளங்களுக்குள் நுழைந்து பழகியவர்களுக்கு அந்தக் கதவுகளும் அன்று திறக்கவில்லை.

இணைப்பு மீண்ட பிறகும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் இயக்கிவிடப் பொறியாளர்கள் துணியவில்லை. முடக்கத்தின்போது ஒவ்வொரு தரவு மையத்தின் மின் நுகர்வும் பல பத்து மெகாவாட் அளவுக்குச் சரிந்திருந்தது. காத்திருந்த கோடிக்கணக்கானோர் ஒருசேரத் திரும்பினால் மின்சுமை திடீரென ஏறி, மின்னமைப்புகள் முதல் தற்காலிக நினைவகங்கள் வரை யாவும் பாதிக்கப்படலாம் என்பதால், சேவைகள் படிப்படியாகவே திறந்துவிடப்பட்டன.