எதிர் விகித மருத்துவம்

கணக்கு வகுப்பில் எதிர் விகிதம் படித்திருப்பீர்கள். ஆட்கள் கூடினால் வேலை முடியும் நாட்கள் குறையும். ஒன்று ஏற, மற்றொன்று இறங்கும். மருத்துவத்திலும் இத்தகைய ஒரு விகிதம் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

தெற்கு வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவையோ, அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971 இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதினார். இதற்கு 'எதிர் கவனிப்பு விதி' என்று பெயரிட்டார்.

பிரிட்டனில் 1948 முதல் மருத்துவம் இலவசம்தானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். அங்கே மக்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்து கொள்கிறார்கள். பதிவு செய்தவர்களின் தலையை எண்ணியே அரசு அவருக்குப் பெரும்பாலான பணத்தைத் தந்து வந்தது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இரு மருத்துவர்களிடமும் தலா 2,000 பேர். இருவரும் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். வசதியான பகுதியில் ஒருவர் ஆண்டுக்கு 3 முறை வருகிறார். ஏழைப் பகுதியில் 5 முறை. முதல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு 10 நிமிடம் ஒதுக்க முடியும். இரண்டாமவருக்கு 6 நிமிடமே கிடைக்கும். பணமோ இருவருக்கும் ஒன்றே!

ஏழைகள் ஏன் அடிக்கடி வருகிறார்கள்? நெருக்கடியான வீடு, கடின வேலை, வேலையின்மை, சத்துக் குறைவு ஆகியவை உடலை விரைவில் தளர்த்திவிடுகின்றன. ஸ்காட்லாந்தில் நடந்து 2012 இல் வெளியான ஆய்வு ஒன்று, பல நோய்கள் ஒருசேரப் பற்றும் நிலை மிக ஏழ்மையான பகுதிகளில் 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்று காட்டியது.

இந்தச் சுமையை அளக்க வழி தேடியவர் லண்டன் மருத்துவர் பிரையன் ஜார்மன். எவையெவை உங்கள் வேலையைக் கூட்டுகின்றன என்று குடும்ப மருத்துவர்களையே கேட்டார். தனித்து வாழும் முதியோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், வேலையற்றோர், இடநெருக்கடி முதலிய எட்டுக் காரணங்களைக் கொண்டு 1983 இல் ஒரு குறியெண்ணை வெளியிட்டார். 1990 முதல், அந்த எண் உயர்ந்திருந்த பகுதி மக்களுக்காக மருத்துவர்களுக்குக் கூடுதல் தொகை வழங்கப்பட்டது. 2004 இல் இதற்குப் பதிலாக வயது, நோய்ச்சுமை போன்றவற்றைக் கணக்கிடும் புதிய சூத்திரம் வந்தது. ஆனால் அது வறுமைக்குப் போதிய எடை தரவில்லை என்ற குறை எழுந்தது.

கூடுதல் கவனிப்பால் பயன் உண்டா? ஹார்ட் தம்மிடம் நோயென்று வராதவர்களையும் அழைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். 25 ஆண்டுப் பணியின் கணக்கு 1991 இல் வெளியாயிற்று. 65 வயதுக்கு முன் இறப்போர் விகிதம், அண்டைச் சிற்றூரைவிட அவர் ஊரில் குறைவாக இருந்தது!

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நம் இரண்டாம் மருத்துவரின் நோயாளிகளுக்கும் 10 நிமிடம் கிடைக்க வேண்டுமானால், எத்தனை மணி நேரம் தேவை? விடை ஏறத்தாழ 1,667. மூன்றில் இரு பங்கு கூடுதல்! சமமாகப் பங்கிடுவது வேறு, தேவையறிந்து பங்கிடுவது வேறு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?